வேகம் யாருடையது?

கணினி படிக்கும் பெண் ஒருமுறையாவது கேட்டிருப்பாள்: “பைத்தானெல்லாம் ஒரு மொழியா? தைரியம் இருந்தால் சி-யில் எழுதிக் காட்டு.” நினைவகத்தைத் தானே கேட்டு வாங்கி, தானே விடுவித்து, கொஞ்சம் பிசகினால் நிரல் செத்து விழும் இடத்தில் நிற்பவன்தான் நிரலாளனாம். ஏன் என்றால், வேகம் என்பார்கள்.

சரி, வேகத்தையே பேசுவோம். 1957-இல் ஐபிஎம் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது, இயந்திரக் குறிமுறையைக் கையால் எழுதிப் பழகியவர்கள் அதை நம்பவில்லை. தங்கள் கைவேலைக்குக் கம்பைலர் ஈடாகுமா என்றார்கள். அந்த ஆண்டு அங்கே சேர்ந்த ஃபிரான்சிஸ் ஆலனின் முதல் வேலை, அந்த அறிவியலாளர்களுக்கே ஃபோர்ட்ரான் கற்பிப்பது. கல்விக் கடனை அடைத்ததும் பள்ளி ஆசிரியையாகத் திரும்பிவிடும் எண்ணத்தில் வந்தவர், 2002 வரை அங்கேயே இருந்தார். எந்தக் கணக்கு வீணாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது, எதைச் சுழற்சிக்கு வெளியே எடுத்து வைக்கலாம் என்பதைக் கம்பைலரே கண்டுபிடிக்கும் வழிகளை வகுத்த முன்னோடி அவர். 1966-இல் தொடங்கிய டூரிங் விருது, 2006-இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் இவர்தான்.

இந்த ஆலன்தான் சி மொழியைக் கடுமையாக விமர்சித்தவர். கம்பைலர் ஆய்வையே அது பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. சுட்டிகளைப் பாருங்கள். இரண்டு சுட்டிகள் ஒரே இடத்தைக் காட்டக்கூடும் என்றால், ஒன்றின் வழியே எழுதியதும் மற்றதை நினைவகத்திலிருந்து மறுபடி படித்தாக வேண்டும். கம்பைலரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. ஃபோர்ட்ரானிலோ, துணைநிரலுக்கு அனுப்பும் இரண்டு அணிகளில் ஒன்று மாறுமானால், அவை ஒரே இடத்தைப் பகிரக் கூடாது என்பது விதி. நிரலாளரின் சுதந்திரத்தை இப்படிக் கொஞ்சம் குறைத்ததால்தான் அந்த மொழி வேகம் பெற்றது. சி-க்கு இது உறைக்க 1999 ஆனது. அந்த ஆண்டின் தரத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அப்போதும் வாக்குறுதி நிரலாளர் தருவதுதான். பொய்யானால் கம்பைலர் பொறுப்பல்ல.

பைத்தான் மெதுவானதுதான், மறுக்கவில்லை. நன்றாக எழுதிய சி பறக்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு அருகில் நிற்பதே வேகம் என்பது பொறியியல் அல்ல, மீசை முறுக்கல். வானிலைக் கணிப்பின் பெரிய நிரல்கள் பல இன்றும் ஃபோர்ட்ரானில்தான் ஓடுகின்றன. அங்கே யாரும் தைரியத்தை அளந்து பார்ப்பதில்லை.

அடுத்த முறை அவன் அப்படிச் சொன்னால், கம்பைல் செய்யும்போது ஓ2 கொடுத்தாயா என்று கேளுங்கள். கொடுத்தேன் என்பான். அந்த ஓ2-வுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியுமா, அதையும் கேளுங்கள்.