20 போர் பெரிதல்ல

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, தோட்டாவின் எண்ணைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் பருமனே 12 போர் குழலின் உள்விட்டம்; சுமார் 18.5 மி.மீ. இருபதாக்கினால் உருண்டை சிறுக்கத்தானே செய்யும்!

20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் இட்டால், அது உள்ளே வழுக்கிச் சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். பார்வைக்குத் தோட்டா அறை காலி. அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். பிடித்த கை தப்புவது அரிது. இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டு வைப்பதும், அண்டைத் தோட்டத்தில் இரவல் கேட்பதும் (அது சட்டப்படியும் குற்றம்) அடியோடு நிற்க வேண்டும்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமிராது, அழுத்தம் எகிறும். அளவு குழலிலேயே பொறித்திருக்கும். அழிந்திருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டி அளந்துகொள்ளலாம்.