இடத்தைத் தேடுங்கள், கணக்கைத் தொலைக்காதீர்கள்

கடைக் கணினியில் "இடம் போதாது" என்ற அறிவித்தல் வந்ததும் எமது வர்த்தகர்களில் பலர் புதிய ஹாட் டிஸ்க் வாங்க நினைக்கின்றனர், அல்லது "போர்மட் பண்ணித் தாருங்கள்" என்று கணினியைத் திருத்துபவரிடம் கொடுத்துவிடுகின்றனர். அப்படிக் கொடுத்த ஒருவரின் மூன்று வருடக் கடன் கொப்பி முழுவதும் அழிந்து போனதை நான் அறிவேன். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை வாடிக்கையாளர்களிடமே கேட்டு எழுதும் நிலை அவருக்கு ஏற்பட்டது.

ஊர்காவற்றுறையிலிருந்து கணினியை யாழ்ப்பாண நகருக்குக் கொண்டு செல்வதென்றால் பண்ணைப் பாலம் கடக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு வர்த்தகர்களோ முதலில் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். அந்த அலைச்சலுக்கு முன்னர், கிட்டங்கியில் சரக்குக் குறைந்தால் ஸ்டொக் எடுப்பது போல கணினியிலும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலில், காணாமற்போன இடம் உண்மையில் இருந்ததா என்று பாருங்கள். பெட்டியில் 500 ஜிபி என்றிருக்கும், விண்டோஸ் 465 என்றே காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இந்த வித்தியாசத்துக்காக அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006 இலும் சீகேட் 2007 இலும் சமரசத்துக்கு வந்தன. எனவே இந்தக் குறைவுக்காகக் கடைக்காரருடன் சண்டையிடத் தேவையில்லை.

அடுத்து, சி டிரைவிலுள்ள எல்லாக் கோப்புறைகளையும் தெரிவு செய்து அளவைக் கூட்டிப் பார்த்தால், டிஸ்க் காட்டும் கணக்குடன் அது பொருந்தாது. விண்டோஸ் மறைத்து வைக்கும் கோப்புகளே இதற்குக் காரணம். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்கான பதிவுகளும், ஹைபர்னேட் கோப்பும், நினைவகத்துக்கு உதவும் பேஜ் ஃபைலும் இதில் அடங்கும். மேசைக் கணினியில் ஹைபர்னேட்டை நிறுத்தினால் சில ஜிபி மீளும். மடிக்கணினியில் அதை விட்டுவைப்பதே நல்லது. 2022 இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். பற்றரி இறங்கும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பது அதுதான்.

2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்ததையொட்டிப் பலர் விண்டோஸ் 11 க்கு மாறினர். மாறும்போது பழைய விண்டோஸ் தனிக் கோப்புறையாக ஒதுக்கப்படுகிறது. அது சில நாட்களில் தானாக நீங்க வேண்டும். நீங்காவிட்டால் ஸெட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாகச் சென்று தற்காலிகக் கோப்புகள் பட்டியலில் அழிக்கலாம். அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு பெட்டி உண்டு. கம்பனிகள் அனுப்பிய பில்களும் வங்கிக் கூற்றுகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. பார்க்காமல் அதில் சரி போட்டுவிடாதீர்கள்.

கடைகளில் பெரிய இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் பில் போடும் மென்பொருளே. நாள்தோறும் ஒரு பிரதி எடுக்கும்படி அதை அமைத்திருப்பார்கள். ஒரு பிரதி 200 எம்பி என்றால் ஒரு வருடத்தில் 73 ஜிபி ஆகிவிடும். அத்தனையும் அதே டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க் பழுதாகும் நாளில் அசலும் போகும், பிரதியும் போகும். கடைக்குள்ளேயே இரண்டாவது பூட்டுச் சாவியை வைத்துப் பூட்டுவது போன்றது இது.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் கணக்குகளை வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து சரிபாருங்கள். பின்னர் வின்டர்ஸ்டாட் போன்ற இலவச மென்பொருளால் எது இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அதன் பின்னரே அழியுங்கள். பெயர் விளங்காத கோப்பில் கை வைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் இடம் போதாவிட்டால் தாராளமாகப் புதிய டிஸ்க் வாங்குங்கள். அப்போதும் பழையதை யாரிடமும் கொடுக்கும் முன் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.