பேஸ் கிதாரின் செவி

இசைக்கருவி ஒன்றனைச் செம்மை செய்யப் புகுவார், முதற்கண் அதன் குறை எவ்விடத்தது என அறிதல் வேண்டும். நோய் அறியாது மருந்து தேடுவார் முயற்சி வீண் செலவாய் முடிதலே பெரும்பான்மை. பேஸ் கிதார் பயிலும் நம் மாணவ நண்பர் பலர், கருவி வாங்கிய சின்னாளிலேயே, இதன் பிக்கப்பை மாற்றிவிட்டால் ஒலி சிறந்துவிடும் என எண்ணிப் பணம் சேர்க்கத் தொடங்குகின்றனர். மாற்றுதல் தவறென்பது நம் கருத்தன்று. மாற்றம் கடைசிப் படியாதல் வேண்டும். அப்போதும் பெயரும் விலையும் நோக்காது, தேவையும் பொருத்தமும் நோக்கித் தெரிதல் வேண்டும். இதுவே நம் துணிபு.

பிக்கப் என்பது யாது? காந்தத்தைச் சூழ, மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றி அமைத்த சிறு பேழை அது. மேலே எஃகுத் தந்தி அதிருங்கால் காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கின்றது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. ஆகவே பிக்கப் கருவியின் நா அன்று, செவியே ஆம். தந்தியும் விரலும் பேசாத ஒன்றை அது கேளாது. பழகித் தேய்ந்த தந்தியின் மந்த ஒலியை, எத்துணை விலையுயர்ந்த பிக்கப்பும் மந்தமாகவே கேட்கும்.

ஆதலின் பணம் செலவிடுமுன் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, புதிய தந்தி பூட்டிக் கேட்டல். இரண்டாவது, பிக்கப்பின் திருகாணிகளைத் திருகி அதன் உயரத்தைச் சீர்செய்தல். தந்தியை அணுகினால் ஒலி வலுக்கும், அகன்றால் மெலியும், மிக அணுகினாலோ காந்தம் தந்தியை ஈர்த்துச் சுருதியைக் கலைக்கும். மூன்றாவது, வால்யூம் திருகு, ஜாக், ஈயப்பற்று ஆகியவற்றுள் பழுதுண்டோ என ஆராய்தல். "பிக்கப் கெட்டது" எனப்படும் கருவிகளிற் பல இம்மூன்றால் தெளிவடையக் கூடும்.

அற்றேல், பெருங்கலைஞர் தம் பிக்கப்பாலன்றோ புகழ் பெற்றனர் என்பார்க்கு நாம் கூறுவது இது. லியோ ஃபெண்டர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1951-இல் பிரெசிஷன் பேஸையும், 1960-இல் ஜாஸ் பேஸையும் வெளியிட்டார். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கையிலிருந்தது 1962-ஆம் ஆண்டுப் பிரெசிஷன். ஜாகோ பஸ்டோரியஸ் கையிலிருந்தது அதே ஆண்டு ஜாஸ். முன்னவர் வழவழப்பான தட்டைத் தந்தியை மாற்றாது வைத்து, ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். பின்னவர் ஃபிரெட் நீக்கிய கழுத்தில் வரித்தந்தி பூட்டி, பிரிட்ஜ் அருகிலுள்ள பிக்கப்பையே பெரிதும் நம்பினார். ஒருவரது ஒலி மற்றவரதனோடு மயங்குவதில்லை. அவ்வேற்றுமையில் தந்திக்கும் விரலுக்கும் பெரும்பங்கு உண்டு. பிக்கப் அமைந்த இடத்திற்கும் பங்கு உண்டு. பிரிட்ஜை நெருங்கிய பிக்கப் மேற்சுரங்களை மிகுதியாகக் கேட்கும். கழுத்தை நெருங்கியது அடிச்சுரத்தை மிகுதியாகக் கேட்கும். பழைய குழியிலேயே புதிய பிக்கப்பைப் பொருத்துவார், இவ்விடத்தை மாற்றுவதில்லை என்பதை மறத்தலாகாது.

இனி, மாற்றத்திற்கு நேர்மையான காரணம் உண்டோ எனின், உண்டு, அது முரல்வு. ஒற்றைச் சுருள் பிக்கப் அருகிலுள்ள மின்கருவிகளின் முரல்வையும் சேர்த்துக் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. பேஸின் தடித்த தந்தி வெறுமனே ஏறத்தாழ 41 முறையும், மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தின் 49 முறையும் அதிரும். எனவே முரல்வு கருவியின் சொந்தச் சுரங்களிடையே வந்தமர்கின்றது. டோன் திருகைக் குறைத்து அதனை ஒழித்தல் இயலாது. உட்குழியில் செப்புத்தகடு ஒட்டுதல் ஒருவகை இரைச்சலைத் தடுக்குமேயன்றிக் காந்தவழி வரும் முரல்வைத் தடாது. ஜாஸ் பேஸின் இரு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டமையால், இரண்டையும் சமமாகத் திறந்தால் முரல்வு அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மீளும். ஒன்றை மட்டுமே விரும்பி வாசிப்பார், அதே வடிவில் இரட்டைச் சுருள் அடங்கிய பிக்கப்பை வாங்குதல் தக்கது. பிரெசிஷனிலோ 1957 முதலே இருகூறான சுருள் முரல்வைத் தன்னுள் அடக்குகின்றது. அதனையுடையார் இக்காரணம் பற்றி மாற்ற வேண்டுவதில்லை.

வாங்குவார் கருதவேண்டுவன வேறு சில. சுற்றுக்கள் மிகுந்தால் வலு மிகும், கூர்மை குறையும். ஓம் கணக்கு மட்டும் பார்த்து வலுவை மதித்தல் ஏமாற்றம் தரும். கம்பியின் பருமையும் காந்தமும் அக்கணக்கில் தோன்றா. மின்கலம் வேண்டும் பிக்கப்புகள் பெரும்பாலும் 9 வோல்ட் மின்கலமும் 25 கிலோ ஓம் திருகுகளும் வேண்டுவன. பழைய 250 கிலோ ஓம் திருகுகள் அவற்றுக்கு ஒவ்வா. ஜாஸ் பிக்கப் இரண்டும் பல கருவிகளில் நீளத்தால் வேறுபடும். ஆதலின் அளவுகோல் வையாது விலை கொடுத்தல் பேதைமை. கழற்றிய பழையதைப் பேணி வைத்தலும் நன்று.

எல்லாவற்றினும் மேலாக, ஒலியைத் தனியறையிற் கேட்டு மதிப்பிடலாகாது. இடைச்சுரங்களை ஒடுக்கி அடியையும் முடியையும் உயர்த்திய ஒலி தனிமையில் இன்பந்தரும். பாடகர் குழுவும் ஆர்கனும் சேர்ந்தவுடன் அது மறைந்தொழியும். சபையார் கீர்த்தனை பாடுங்கால் சுருதியும் தாளமும் வழுவாது தாங்குதலன்றோ பேஸின் பணி? அப்பணிக்கு உதவுவதே நல்ல பிக்கப். உதவாதது எவ்விலையதாயினும் அணிகலனே.

நம் கையிலுள்ள பணம் பெற்றோர் உழைப்பின் பயன்; நாம் அதற்கு உக்கிராணக்காரரே. நண்பர்காள், கடைவீதிக்குச் செல்லுமுன் புதுத்தந்தி பூட்டி, உயரம் திருத்தி, குழுவோடு ஒருமாதம் வாசியுங்கள். அதன்பின்னும் குறை நிற்குமாயின், அக்குறையின் பெயரை ஒரு சொல்லில் எழுதுங்கள். எழுத இயலுமாயின் தக்க பிக்கப்பைத் தெரிதல் எளிது. எழுத இயலாதாயின் பணம் கையிலேயே இருப்பதாக.