கருவி திரும்புகிறது, மூளை எரிகிறது

தீராத மனச்சோர்வுக்கு வேகஸ் நரம்புத் தூண்டலுக்கான செலவை 2007இல் அடியோடு மறுத்த அமெரிக்க மெடிகேர் நிர்வாகம், 2019 பிப்ரவரியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தது: அங்கீகரித்த ஆய்வில் சேருபவர்களுக்கு மட்டும். அதன்படி நடந்த ரெகவர் ஆய்வின் ஒருமுனை மனச்சோர்வுப் பிரிவு, 493 பேர், வெளியாகிவிட்டது. ஓராண்டு முடிவில் முதன்மை அளவீட்டில் வேறுபாடு இல்லை. தூண்டல் கருவி பொருத்தியும் அது முடுக்கப்படாதவர்களும் தேறியிருக்கிறார்கள். துணை அளவீடுகள் சில தூண்டலின் பக்கம் நிற்கின்றன. இதை வைத்துச் செலவுத் தொகையை மறுபடி மறுப்பது அவசரமான முடிவாகும் என்பதே என் நிலை.

ஆனால் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணு முளைப்பதால்தான் குணம் என்று நோயாளியிடம் சொல்வதை நாம் நிறுத்தியாக வேண்டும். எலியில் ஆதாரம் உண்டு. 2008இல் ரெவேஸ் குழு, இரண்டே நாள் தூண்டலில் டென்டேட் கைரஸில் முன்னணுப் பெருக்கம் கூடியதைக் காட்டியது. அடுத்த ஆண்டு பிஜ்ஜியோ குழுவுக்கும் குறுகிய காலத் தூண்டலில் பெருக்கம் தெரிந்தது. ஒரு மாதம் தூண்டிய எலிகளிலோ தெரியவில்லை. நம் நோயாளி ஆண்டுக்கணக்கில் கருவியோடு வாழ்பவர்.

மனித மூளையில் புதிய நரம்பணு முளைக்கிறதா? 1998இல் எரிக்சன் குழுவுக்கு உண்டு என்ற விடை தந்தவை, பரிசோதனைக்காக பிஆர்டியு என்னும் அணுப்பெருக்கக் குறிப்பான் செலுத்தப்பட்டிருந்த 5 புற்றுநோயாளிகளின் மூளைகள். 2018இல் சோரெல்ஸ் இல்லை என்றார், போல்ட்ரினி உண்டு என்றார். மறு ஆண்டே மொரேனோ-ஹிமேனெஸ் குழு, திசுவைப் பதப்படுத்தும் கால அளவு நீண்டால் இளம் நரம்பணுவைக் காட்டும் டபுள்கார்ட்டின் சாயம் மறைந்துவிடுவதை எடுத்துக்காட்டியது. அதாவது, வழக்கே திசுவைக் கையாளும் முறையில்தான் தொங்குகிறது.

ஆனால் கருவியோடு வாழ்ந்தவரின் மூளைத் திசுவை யாரும் கேட்பதில்லை! இதைப் பல ஆண்டுகளாக இப்பக்கத்தில் எழுதிவருகிறேன். கருவி பொருத்தியவர் இறந்தால், தகனத்துக்கு முன் அதன் ஜெனரேட்டரைக் கழற்ற வேண்டும், மின்கலம் தீயில் வெடிக்கும். கழற்றியதை ஆய்வுக்காகத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்று கையேடே சொல்கிறது. உலோகப் பெட்டிக்கு இத்தனை விசாரணை. அது ஆண்டுக்கணக்கில் தூண்டிய மூளை அப்படியே நெருப்புக்குப் போகிறது. அறிகுறி மதிப்பெண்ணும் வாழ்க்கைத் தரமும் கேட்ட மெடிகேர் நிர்வாகம், இறப்புக்குப் பிந்தைய திசுவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு பத்தி சேர்க்க என்ன செலவாகும்?

அவர்கள் எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பராமரிப்பில் கருவியோடு இருப்பவரிடமும் குடும்பத்தாரிடமும், அடுத்த மின்கல மாற்றத்தின்போதே, மூளைத் தானம் பற்றிப் பேசுங்கள்.