செம்மீன் காட்டிய வழி

துப்பறியும் கதைகளில் நம்மைத் திசைதிருப்பும் பொய்த்தடயத்தை ஆங்கிலத்தில் 'ரெட் ஹெர்ரிங்' என்பர். உப்பிட்டுப் புகையூட்டியதால் சிவந்த ஹெர்ரிங் மீன் அது. அம்மீனை இழுத்துச்சென்று வேட்டைநாய்களின் மோப்பத்தைக் கலைத்த வழக்கத்தில் பிறந்த தொடர் என்று பலகாலம் சொல்லப்பட்டது. அப்படியொரு வழக்கம் பரவலாக இருந்ததற்குச் சான்றில்லை.

1807இல் வில்லியம் காபெட் தம் இதழில், சிறுவயதில் முயலைத் துரத்திய நாய்களை இம்மீனால் ஏமாற்றியதாக ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச்செய்தியை நம்பி, உள்நாட்டுச் சிக்கல்களை மறந்த பத்திரிகைகளைச் சாடவே அக்கதை. கதை நிலைத்தது, சாடல் மறைந்தது.

சொல்லின் வேரைத் தேடுகையில் சுவையான கதையே முதலில் கையில் அகப்படுகிறது. அதை ரசிப்போம். ஆனால் வரலாறென்று எழுதுமுன் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்ப்போம். இல்லையேல் மீன்வாடையைத் தொடரும் நாய்களாவோம் நாம்.