78-ஆ, 79-ஆ?

"1978, 1979. இந்த இரண்டில் எந்த ஆண்டின் தமிழ்ப் பாட்டு உசத்தி?" பழைய பாடல் நிகழ்ச்சியில் நேரம் போவதற்காகக் கேட்ட கேள்விதான். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் நிறைந்துவிட்டது. கிள்ளானிலிருந்து ஓர் ஐயா 78-க்கு ஓட்டுப் போட, குரல் பதிவிலேயே மூன்று பாட்டுப் பாடி அனுப்பினார். "79-ஐக் குறை சொன்னால் ரேடியோவை அடைத்துவிடுவேன்" என்று ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அக்கா மிரட்டினார். நான் பிறப்பதற்கு முந்திய ஆண்டுகள் இவை. ஆனால் இந்தச் சண்டையில் ஒதுங்கி நிற்க எனக்கு மனசு வரவில்லை.

78-க்காரர்களின் வாதம் வலுவானதுதான். அந்த ஆகஸ்ட் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கிழக்கே போகும் ரயில்', 'முள்ளும் மலரும்' இரண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. அக்டோபர் கடைசியில் 'சிகப்பு ரோஜாக்கள்', 'அவள் அப்படித்தான்'. அவற்றுக்கும் அவரே, இரண்டிலும் கமல்ஹாசனைப் பாட வைத்திருக்கிறார். 'அன்னக்கிளி' வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் கிராமத்துக் காதலுக்கும் நகரத்துக் கொலைகாரனுக்கும் ஒரே ஆண்டில் இசை தருகிறார். ஒன்றின் சாயல் மற்றதில் இல்லை.

நடுவில் ஓர் எல்லைத் தகராறும் உண்டு. சிங்கப்பூரில் படமாக்கிய 'ப்ரியா' வெளியானது 1978 டிசம்பர் கடைசியில். அப்படியென்றால் அதன் பாடல்களை மக்கள் கேட்டு மகிழ்ந்தது பெரும்பாலும் அடுத்த ஆண்டில்தானே, எங்களுக்குக் கொடுங்கள் என்கிறார்கள் 79-க்காரர்கள். முடியாது. படம் வந்த தேதிதான் கணக்கு. தவிர, அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சிங்கப்பூர்ப் படம் இருக்கிறதே!

'நினைத்தாலே இனிக்கும்.' 1979 ஏப்ரலில் வந்தது. சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பாட்டுக் குழுவின் கதை. பாடல்கள் கண்ணதாசன், இசை எம்.எஸ்.விசுவநாதன். அப்போது எம்.எஸ்.வி.க்கு 50 வயது. கமலும் ரஜினியும் மேடையில் துள்ளுவதற்கான பாட்டை அந்த வயதில் போட்டார். ஒன்றைத் தாமே பாடவும் செய்தார். அதே ஏப்ரலில்தான் இளையராஜாவின் 'புதிய வார்ப்புகள்'. இவர்கள் இருவர் மட்டுமா? 'நீயா?' படத்துக்கு சங்கர் கணேஷ். 'சுவரில்லாத சித்திரங்கள்' படத்துக்கு கங்கை அமரன். ராஜாவும் 'உதிரிப்பூக்கள்', 'நிறம் மாறாத பூக்கள்' என்று தம் பங்குக்குக் கொட்டினார்.

நமக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது: மலேசியா வாசுதேவன். இங்கே பிறந்து, இங்கே மேடைகளில் பாடி, சென்னைக்குப் போனவர். 1977-இல் '16 வயதினிலே' அவரைத் தூக்கி நிறுத்தியது. 79-இல் அவர் எங்கெங்கே பாடினார் என்று பாருங்கள். 'புதிய வார்ப்புகள்' படத்தில் ஜானகியோடு மென்மையான காதல் பாட்டு. 'தர்ம யுத்தம்' படத்தில் ரஜினிக்கு, தங்கையைக் கொண்டாடும் அண்ணன் குரல். 'கல்யாணராமன்' படத்தில் கமலுக்குக் குறும்பு. 'சுவரில்லாத சித்திரங்க'ளில் கங்கை அமரனுக்கு. குத்துப் பாட்டுக்காரர் என்று மட்டும் அவரை நினைத்திருப்பவர்கள் இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுவிட்டு வரட்டும்.

என் ஓட்டு 79-க்கு. 78-லும் எம்.எஸ்.வி. 'நிழல் நிஜமாகிறது' தந்தாரே என்று கேட்பீர்கள். தந்தார், அருமையாகவே தந்தார். ஆனால் 78-க்காக வாதாடுகிற யாரும் அந்தப் படத்தில் தொடங்குவதில்லை. ராஜாவில் தொடங்கி ராஜாவிலேயே முடிக்கிறார்கள். எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்று நான் கேட்டிருந்தால் அது சரியான பதில். கேட்டது எந்த ஆண்டு என்று. நான்கு பக்கமிருந்தும் நல்ல பாட்டு வந்த ஆண்டுக்குத்தான் நான் கை தூக்குவேன்.

இது வெறும் விளையாட்டுச் சண்டை இல்லை. என் வயதுக்காரர்கள் 'எழுபதுகளின் கடைசி' என்றாலே ஒரே பெயரைத்தான் தேடுகிறார்கள். கைப்பேசியும் திரும்பத் திரும்ப அதே இருபது பாட்டைத் தருகிறது. எம்.எஸ்.வி.யைக் கறுப்பு வெள்ளைக் காலத்தோடு மூட்டை கட்டி வைத்துவிட்டோம். வானொலியிலும் இதே கதைதான். நேயர்கள் கேட்பதைத்தான் நாங்கள் போடுகிறோம். நாங்கள் போடுவதைத்தான் நேயர்கள் கேட்கிறார்கள். இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிற பாட்டை இன்னும் இருபது ஆண்டில் யாருக்கும் தெரியாது. அது மோசமான பாட்டு என்பதால் அல்ல, யாரும் கேட்காததால்.

இனி குடும்பத்தோடு காரில் வெளியூர் போகும்போது ஒன்று செய்து பாருங்கள். அப்பா அம்மா 78-இலிருந்து ஒரு பாட்டு, பிள்ளைகள் 79-இலிருந்து ஒரு பாட்டு, மாறி மாறிப் போட வேண்டும். ஒரே ஒரு விதி: ஒருவர் போட்ட இசையமைப்பாளரை அடுத்தவர் போடக்கூடாது. கோலாலம்பூரில் கிளம்பினால் ஈப்போ வரும்வரை தாங்கும். தாப்பாவுக்குள் சண்டை வந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.