சிறு முற்றத்திற்கு ஒரு பவளமல்லி

ஆடித் திருவிழா நெருங்கும் வேளையில் ஆலயத் திடலைச் சீரமைப்பது பற்றி நிர்வாகக் குழுக்கள் கூடிப் பேசுவது வழக்கம். பந்தல் போட இடம் வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும், ஆகவே எஞ்சியுள்ள மண் தரைக்கும் சிமெண்டு பூசிவிடலாம் என்னும் கருத்து பல ஊர்களிலும் எழுகிறது. எங்கள் ஆலயத்திலும் எழுந்தது. மதிலோரம் நிற்கும் பவளமல்லி மரத்தை எடுத்துவிட்டால் மேலும் இரண்டு வாகனங்கள் நிற்கலாம் என்று கணக்குக் காட்டப்பட்டது. செயலாளர் என்னும் முறையில் அதற்கு நான் உடன்படவில்லை. காரணத்தை மெய்யன்பர்கள் முன் வைப்பது என் கடமையாகும்.

திருவிழா நாளில் பூவுக்குப் பஞ்சமில்லை. உபயகாரர்கள் ஆளுயர மாலைகளைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த மல்லிகையும் கேமரன் மலையிலிருந்து வந்த செவ்வந்தியும் சந்நிதி வாயிலையே மறைக்கின்றன. ஆனால், கொடியிறங்கிய மறுவாரம், சாதாரணப் புதன்கிழமைக் காலைப் பூசையில் ஒரு கைப்பிடி உதிரிப்பூவுக்கு அர்ச்சகர் கடையை எதிர்பார்த்து நிற்கும் நிலையைச் சிற்றாலயங்களில் காணலாம். அம்பாளுக்கு அன்றாடம் பூவிடும் பொறுப்பைப் பூக்கடையிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதே என் வருத்தம். தோட்டப்புறத்தில் நம் முன்னோர் லயத்து வீட்டருகே செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வளர்த்துக் கோயிலுக்குக் கொடுத்தனர். அவர்களிடம் பணமா இருந்தது?

மரம் நட முன்வருவோரும் பெரும்பாலும் அரசும் வேம்பும் நடவே விரும்புகின்றனர். புண்ணிய மரங்களே, மறுப்பில்லை. ஆயினும் குறுகிய திடலில் நட்ட அரசு நாளடைவில் மதிலையும் கால்வாயையும் பிளந்துவிடும். பிறகு அதை வெட்டலாமா, வெட்டினால் பாவம் சேருமா என்று பரிகாரம் தேடி அலைவதைக் காட்டிலும், இடத்திற்குத் தக்க மரத்தை முதலிலேயே தேர்ந்து கொள்வது அறிவுடைமை. அரளி சிறியதுதான், எனினும் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் முற்றத்திற்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈழத்தலரியை இந்நாட்டில் இடுகாட்டு மரம் என்று ஒதுக்குவோர் உளர்.

பவளமல்லிக்கு இத்தகைய தடை ஏதுமில்லை. மண்ணில் விழுந்த பூவை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது பூசை மரபு. பவளமல்லிக்கு அதில் விலக்கு உண்டு. அந்தியில் மலர்ந்து விடியலில் தானே உதிர்வது அதன் இயல்பு. மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணியை இரவில் விரித்து வைத்தால் போதும். கையுயர்த்திப் பறிக்க இயலாத மூதாட்டியும் காலையில் அள்ளிக் கொண்டு வரலாம். தமிழகத்தில் திருக்களர் திருத்தலத்தின் தலமரமும் இதுவே. அங்கு எழுந்தருளியுள்ள ஈசனின் திருநாமமே பாரிஜாதவனேஸ்வரர்.

நம் தாமான்களில் உள்ள வரிசை வீடுகளின் முன்புறத்திலும் இதனை வளர்க்கலாம். விட்டுவிட்டால் முப்பது அடி வரை போகக்கூடிய மரம்தான். ஆனால் பூத்து ஓய்ந்தபின் கிளைகளைக் கழித்து வந்தால் ஆள் உயரத்திற்குச் சற்று மேலாக நிறுத்திவிடலாம். புதுத் துளிரின் நுனியிலேயே பூ வருமாதலால் கழிப்பதனால் நட்டமில்லை. அரை நாளேனும் வெயில் படவேண்டும். தாமான் கட்டும்போது கொட்டி நிரப்பிய மண் பெரும்பாலும் கெட்டிச் செம்மண். கல்லும் சிமெண்டுத் துண்டும் கலந்திருக்கும். இரண்டடிக் குழி எடுத்து அவற்றைப் பொறுக்கி எறிந்து, மக்கிய சாணமும் தழையுரமும் இட்டு, தரையைவிட அரையடி மேடாக்கி நடவேண்டும். நம் நாட்டு மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் நிற்க விடலாகாது. ஏடிஸ் கொசுவின் குஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

உதிர்ந்த இலையும் பூவும் பக்கத்து வீட்டில் விழுமே என்று சில தாய்மார்கள் கேட்டனர். விழத்தான் செய்யும். சத்தியபாமை வீட்டில் நட்ட பாரிஜாதம் ருக்மிணியின் முற்றத்தில் பூச்சொரிந்த கதை நாம் அறிந்ததே. கண்ணன் வீட்டிலேயே தீராத வழக்கு அது! அயலாரிடம் முன்கூட்டியே சொல்லி, காலையில் துடைப்பத்தை எடுத்து நாமே பெருக்கிவிடுவது முறை.

எங்கள் ஆலய மரத்தின் நிலை அடுத்த கூட்டத்தில் முடிவாகும். வாகனங்களை எதிரிலுள்ள சாலையோரம் நிறுத்தித் தொண்டர்கள் வழிகாட்டலாம் என்று நான் எழுத்து மூலம் தெரிவித்துள்ளேன். மரத்தில் இப்போது காய்கள் முற்றிப் பழுத்து நிறம் மாறி வருகின்றன. தட்டையான ஒவ்வொரு காயிலும் இரண்டு விதைகள் இருக்கும். விதை வேண்டுவோர் திருவிழா நாட்களில் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக் கொள்ளலாம். கட்டணம் இல்லை.